ஈச்சங்கண்மாயில் வெள்ளை விழுந்த நாள்

சித்திரை 12, வெள்ளி

மகள் கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் அண்டா இன்று மீன் தொட்டியாகிவிட்டது. முதலில் பித்தளை அண்டாவைத்தான் எடுத்துக் கொடுத்தேன். பித்தளைத் தண்ணீரில் மீன் செத்துப்போகும் என்றாள் பர்வீன். மதுரையில் கல்லூரியில் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. ஒரு மாதமாக எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறாள். இடம் கொடுத்தது இவர். சோறு போடுவது நான்.

அண்டாவில் கிடப்பது கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பத்துப் பன்னிரண்டு பொடிமீன். மூக்கோரம் மினுக்கென்று ஒரு பொட்டு. மூக்குத்தி மீன் என்போம். குழம்புக்கும் ஆகாது, வறுவலுக்கும் ஆகாது. இதைத் தேடித்தான் அந்தப் பிள்ளை சுற்றுவட்டாரத்துக் கண்மாய் எல்லாவற்றிலும் சேற்றில் இறங்கி ஏறியிருக்கிறாள். எங்கள் ஈச்சங்கண்மாயைத் தவிர வேறெங்கும் அகப்படவில்லையாம்.

"எங்க ஊர்க் கம்மாயில வாளி வாளியாக் கெடந்துச்சே தாயி" என்று என் பிறந்த ஊரைச் சொன்னேன்.

"அங்கயும் பாத்துட்டேம்மா. ஜிலேபிக் கெண்டை மட்டும்தான் இருக்கு. இங்கயும் போச்சுன்னா அவ்வளவுதான். வேற எங்கருந்தும் கொண்டாந்து விட முடியாது."

எனக்கென்ன வந்தது. அண்டா போய்விட்டதே என்றுதான் வருத்தம்.

சித்திரை 14, ஞாயிறு

ஊர் கூடி நாள் குறித்தார்கள். வருகிற 26, வெள்ளிக்கிழமை மீன்பிடித் திருவிழா. கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான் கிடக்கிறது. மடையோரப் பள்ளமான கிடங்கில் மட்டும் இடுப்பளவு நிற்கிறது. இதற்குமேல் தாமதித்தால் வெயிலே மீனைக் கொன்றுவிடும்.

பர்வீன் திருவிழாவைப் பார்த்ததில்லை. தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேன். அன்றைக்கு விடிவதற்குள் ஊர் ஊராக வந்து கரையில் நிற்பார்கள். ஆளுக்கொரு ஊத்தா கையில் இருக்கும். அடியும் இல்லாமல் மூடியும் இல்லாமல் பின்னிய கூடை அது. தண்ணீரில் பொத்தென்று கவிழ்த்து, மேல்வாயில் கையை விட்டுத் துழாவி மீனை எடுக்க வேண்டும். ஆனால் எவரும் தானாக இறங்க மாட்டார்கள். ஊர்த் தலைமைக்காரரான அம்பலம், மடைக்கருப்பு சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கோயில் மேட்டில் ஏறி வெள்ளைத் துண்டை வீச வேண்டும். மூன்று தரம் வீச வேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் சனம் அசையாது. மூன்றாவது வெள்ளை விழுந்ததும் ஓவென்று கத்திக்கொண்டு பாய்வார்கள். பிடித்ததை விற்கக் கூடாது, குழம்பு வைத்துத்தான் தின்ன வேண்டும். அந்த அம்பலம் என் வீட்டுக்காரர் வீரணன். நாலு தலைமுறையாக வெள்ளை வீசும் உரிமை இந்த வீட்டில்தான் இருக்கிறது.

"கொசுவலை போட்டு அரிச்சிருவாங்களாம்மா?" என்று அவள் பயந்தாள்.

கூடத்திலிருந்து இவர் பதில் சொன்னார். "கொசுவலைய எவனாச்சும் கொண்டாந்தா கரையிலயே கொளுத்திருவோம். ஊத்தாவுல ரெண்டு வெரக்கட எடவெளி இருக்கும்மா, பொடுசெல்லாம் நழுவிரும். கெடங்குலயும் யாரையும் எறங்க விட மாட்டேன். போதுமா?"

இவர் சொன்னால் சொன்னதுதான். இவரிடம் உள்ள நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான்.

பிறகு தன் வேட்டியைத் துவைக்கக் கிணற்றடிக்குப் போனார். இவர் வேட்டியை நான் தொடுவதில்லை. கல்யாணமான புதிதில், நீலம் தூக்கலாகிவிட்டது என்று நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டார். அன்றோடு சரி. முப்பது வருஷமாகத் தானே துவைத்து, தானே கஞ்சி போட்டுக்கொள்கிறார்.

சித்திரை 16, செவ்வாய்

கண்மாயின் மீன் குத்தகையை எடுத்திருக்கும் தனராசு டவுனிலிருந்து வந்தான். நாற்காலி போட்டேன், மோர் கொடுத்தேன். மோரைக் குடித்துவிட்டு, திருவிழா கிடையாது என்றான்.

"அம்பலாரே, ஏலம் எடுத்தது நானு. கெடக்குற பெரிய மீனெல்லாம் நான் விட்ட குஞ்சு. உங்க சனம் வந்து அள்ளிட்டுப் போகவா? இந்தத் தடவ பெருசப் புடிச்சிட்டு, மிச்சத்த இலுப்பப் புண்ணாக்குப் போட்டுச் சுத்தமா அழிச்சிரப் போறேன். அம்புட்டும் களை மீனு. மழ பேஞ்சதும் புதுக்குஞ்சு விடுவேன்."

"எதுங்க களை மீன்?" மாடிப்படியில் நின்று பர்வீன் கேட்டாள்.

"கொரவ, ஆரா, பொடிக்கெண்ட... வளத்து விக்க ஆகாதது எல்லாம் களதாம்மா."

இலுப்பைப் புண்ணாக்கு எனக்குத் தெரியாததா? எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அதைத்தான் தலைக்குப் போடுவோம். பிசுக்கை எடுக்கும். தண்ணீரில் கொட்டினால் மீனின் உயிரையும் எடுக்கும். நான் பிறந்த ஊர்க் கண்மாயில் ஒரு கோடையில் கொட்டினார்கள். தண்ணீர் தெரியாத அளவுக்கு மீன் மல்லாந்து கிடந்தது. அத்தனையிலும் மூக்குத்தி மீன்தான் அதிகம். பர்வீன் அங்கே ஏன் ஒன்றையும் பார்க்கவில்லை என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது.

இவர் "திருவிழா நின்னதில்லையே தனராசு" என்று மட்டும் சொன்னார். சொன்ன குரலில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

சித்திரை 17, புதன்

பர்வீன் மனு எழுதிக்கொண்டு டவுனுக்குப் போனாள். பார்க்க வேண்டிய மீன்வளத்துறை அதிகாரி பயிற்சிக்குப் போயிருக்கிறார். வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். அவள் சாப்பிடவில்லை. ரசம் மிஞ்சிப்போனது.

சித்திரை 19, வெள்ளி

தாலுகா ஆபீசில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். போலீசும் இருந்ததாம். ஆயிரக்கணக்கில் சனம் கூடினால் அடிதடியாகிவிடும், பேச்சு முடிகிறவரை திருவிழா வேண்டாம் என்று முடிவு. பேச்சு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் 27, சனிக்கிழமையிலிருந்து தனராசு மீன் பிடித்துக்கொள்ளலாமாம். அவன் பிடிப்பது காலையில் என்றால், புண்ணாக்கு விழுவது மதியம்.

இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். 'பேச்சு முடியும்வரை வெள்ளை வீச மாட்டேன்' என்று.

"ஏங்க, படிச்சுப் பாத்துத்தான் போட்டீகளா?"

"படிச்சுத்தான் போட்டேன். கலவரம் கிலவரம் ஆகி எவன் மண்டையாச்சும் ஒடஞ்சா நாமதான பொறுப்பு?"

"அந்தப் புள்ளைக்குக் கெடங்கக் காப்பாத்துறேன்னு வாக்குக் குடுத்தீகளே, அது?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு வாய்க்கு இரண்டு வாக்கு. இப்போது எதைக் காப்பாற்றுவார்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அரைத்துக்கொண்டிருந்த சட்னியில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

சித்திரை 22, திங்கள்

மதியம் கரண்ட் போய்விட்டது. அண்டாவில் காற்று விடும் மோட்டார் நின்றுபோனது. பர்வீன் டவுனுக்குப் போயிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. கொட்டாங்கச்சி அகப்பையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். கை விட்டுப்போயிற்று. அடுப்பில் சாம்பார் தீய்ந்து வாசம் வந்தது. அகப்பையைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

ஒன்று செத்துவிட்டது. உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். பொட்டு மட்டும் இன்னும் மினுங்கியது.

கரண்ட் வந்தபின் பர்வீன் வந்தாள். "எத்தனம்மா?" என்றாள். ஒன்றுதான் என்றேன். என்னைக் கட்டிக்கொண்டாள். "விடுத்தா, சாம்பார் போச்சு, போய் அப்பளம் வாங்கிட்டு வா" என்று அதட்டி அனுப்பினேன். சத்துணவுக்கூடத்தில் அமைப்பாளராக இருந்து பிள்ளைகளை அதட்டிய பழக்கம், ஓய்வு பெற்றும் போகவில்லை.

இந்த மீன்களைக் குடிதண்ணீர் ஊருணியில் விடலாமே என்றேன். அங்கே ஜிலேபி இருக்கிறதாம், ஒரே நாளில் தின்று தீர்த்துவிடுமாம். அண்டாவில் கிடக்கிற இந்தக் கொஞ்சம் போதாதா என்றேன். போதாது, இது குஞ்சு பொரிக்கக் கிடங்குச் சேறும் பாசியும் வேண்டும் என்றாள். கிடங்குதான் வேண்டும்.

சித்திரை 24, புதன்

ஒரு டிராக்டர் நிறையப் புண்ணாக்கு மூட்டை வந்து இறங்கிவிட்டது. மடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறார்கள். காவலுக்கு இரண்டு ஆள். தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன். கிடங்கும் கொட்டகையும் எட்டிப் பிடிக்கிற தூரம்.

திருவிழா நின்ற சேதி வெளியூர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. சேர்ந்த ஊர்க்காரர்களும் "வெள்ளிக்கிழம வருவோம், வெள்ள விழுந்தா எறங்குவோம், இல்லாட்டித் திரும்புவோம்" என்கிறார்களாம்.

பர்வீன் சொன்னாள்: "வெள்ளிக்கெழம சனம் எறங்கிட்டா, சனிக்கெழம அவருக்குப் புடிக்க ஒண்ணும் இருக்காதும்மா. பெரிய மீனெல்லாம் ஊருக்குப் போயிரும். அப்புறம் புண்ணாக்குப் போட அவர் அவ்வளவு அவசரப்பட மாட்டாரு. திங்கக்கெழம ஆபீசர் வந்துருவாரு. எனக்கு வேண்டியது அந்த மூணு நாளுதான்."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த இவர் கை நின்றது. பிறகு பிசைந்தார். கையெழுத்து, கையெழுத்து! மோர் ஊற்றினேன்.

சித்திரை 25, வியாழன்

கடைக்குப் போய்ச் சொட்டு நீலம் வாங்கி வந்தேன். வேறு விசேஷம் இல்லை.

சித்திரை 26, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் இதைக் காட்டலாம்.

விடியும்போதே கரை கொள்ளாத சனம். ஊத்தாவும் மீன் போடும் பறியுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வேனும் வந்துவிட்டது. இவரைக் கூட்டிப்போய் சனத்தைக் கலைந்துபோகச் சொல்லச் சொன்னார்கள். இவரும் போய், "இந்த வருசம் வெள்ள இல்லய்யா, வீட்டுக்குப் போங்க" என்று கத்தினார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தரும் தண்ணீரில் கால் வைக்கவும் இல்லை. கொட்டகை வாசலில் தனராசு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நான் வீட்டில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவருடைய வேட்டி அழுக்காகக் கிடந்தது. துவைத்தேன். நீலம் போட்டேன். வீட்டுக் கொடியில் நிழல் விழுந்திருந்தது. கரையில் நல்ல வெயில் அடிக்கும் என்று வாளியோடு கரைக்குப் போனேன். கரையெங்கும் ஆள் உட்கார்ந்திருந்ததால் துணி விரிக்க இடமில்லை. மடைக்கருப்பு கோயிலுக்கு முன்னால் இருக்கும் மேடுதான் காலியாகக் கிடந்தது. அதில் ஏறினேன். ஈர வேட்டியை உதறாமல் காயப்போட முடியாது. உதறினேன்.

சத்தம் கேட்டதே தவிர, முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கரை அப்படியே சரிந்து கண்மாய்க்குள் விழுந்தது போல இருந்தது. ஆம்பளை, பொம்பளை, கிழடு, குமரி எல்லோரும் உள்ளே. ஊத்தா விழுகிற சத்தம், விசில், கூச்சல். போலீஸ்காரர் ஒருவர் தொப்பி கழன்று ஓடினார். தனராசு, "ஏய், யாருடா வீசுனது?" என்று கத்தினான்.

இவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவ்வளவு தூரத்திலும் முகம் வெளுத்தது தெரிந்தது. என்ன செய்யப்போகிறாரோ என்று நின்றேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் சரிவில் இறங்கி ஓடினார். கிடங்குக்குள் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். "கெடங்குல கால் வைக்காதீகடா! கருப்பு மேல ஆணை!" அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. பர்வீனும் போய்ப் பக்கத்தில் நின்றாள். சனம் கிடங்கைச் சுற்றிக்கொண்டு போனது. வெள்ளை வீசமாட்டேன் என்றுதான் கையெழுத்து. கிடங்கில் நிற்கமாட்டேன் என்று இல்லையே.

பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு மண்டையும் உடையவில்லை. விரால், கெளுத்தி, தனராசின் பெரிய கெண்டை எல்லாம் பறியேறிப் போயின.

பம்புசெட்டில் சேற்றைக் கழுவிய பெண்களில் யாரோ கொட்டகை மூட்டையை மோந்து பார்த்து, "ஆத்தாடி, இலுப்பப் புண்ணாக்குடி!" என்றிருக்கிறாள். தலை நிறையச் சேறு, வெள்ளிக்கிழமை வேறு. காவல் ஆட்களும் மீன் பிடிக்க இறங்கிவிட்டார்கள். தனராசு போலீசிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஆளுக்கு ஒரு மடி அள்ளியதில் மூட்டைகள் எல்லாம் காலி. அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. நான் ஒரு மடிகூட எடுக்கவில்லை.

இந்தக் கூத்தில் வேட்டி கீழே விழுந்து சேறாகிவிட்டது. மறுபடியும் துவைத்தேன்.

சித்திரை 27, சனி

ஏட்டு வந்தார். வாக்குமூலம் வேண்டுமாம்.

"ஏம்மா, ஊரே வெள்ளை எப்ப விழும்னு பாத்துக்கிட்டிருக்கு. அங்க போயா வேட்டி காயப்போடுவாக?"

"வெயில் அங்கதான ஏட்டையா அடிக்குது."

எழுதிக்கொண்டார். எழுதும்போது உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அவர் வண்டிப் பெட்டியில் ஒரு விரால் வால் நீட்டிக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

இன்று இவர் தானே சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

சித்திரை 29, திங்கள்

அதிகாரி வந்தார். பர்வீன் அவரைக் கிடங்குக்குக் கூட்டிப்போய்ச் சேற்றில் இறக்கிவிட்டாள். வலையில் ஏறியதைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டுப் போனாராம். மழை பெய்து கண்மாய் பெருகும்வரை கிடங்கில் எதையும் கலக்கக் கூடாது, பிறகு என்ன செய்வது என்று ஆய்வு முடிந்தபின் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தனராசு காரில் ஏறிப் போய்விட்டான்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம்வரைதான். இவருடைய பங்காளி சேவுகன் ஊரைக் கூட்டிவிட்டான். பொம்பளை வெள்ளை வீசினால் கருப்பு பொறுக்குமா என்று கேட்கிறான். வெள்ளை மேல் அவன் வீட்டுக்கு வெகுநாளாகவே கண். நாளை மடைக்கருப்பு முன்னால் நான் கற்பூரத்தை அணைத்து, வேண்டுமென்று வீசவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வெள்ளை சேவுகன் வீட்டுக்குப் போய்விடும்.

செய்துவிட வேண்டியதுதானே. வேட்டி உதறியதற்குச் சத்தியம் செய்ய எனக்கென்ன பயம்? சோறு மட்டும் இறங்கவில்லை.

சித்திரை 30, செவ்வாய்

மடைக்கருப்பின் அரிவாள் என் உயரத்துக்குமேல் இருக்கும். அதன் அடியில் தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பொய்ச் சத்தியம் செய்தவர்கள் வீட்டில் என்னென்ன நடந்தது என்று இந்த ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எனக்கு மகள் ஞாபகம் வந்தது. பேரன் ஞாபகம் வந்தது. கையை நீட்டப் பார்த்தேன். கை நீளவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"என்னத்தா அடைக்கி, அணைக்க வேண்டியதுதான?" என்றான் சேவுகன்.

இவர் எழுந்து வந்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து மடித்தார். நாலாக மடித்து, கருப்பு காலடியில் வைத்தார்.

"அவளச் சத்தியம் கேக்காதீக. விழுந்தது எங்க வீட்டு வெள்ள. தப்புன்னா அது என்னோட தப்பு. வச்சிட்டேன். இனிமே ஊரு யாருக்குக் குடுக்குதோ, அவுக வீசட்டும்."

நாலு தலைமுறை. இவருடைய அப்பா சாகும்போது மகளைப் பற்றிக் கேட்கவில்லை, மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "வெள்ளைய விட்றாத" என்றுதான் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். அதைத்தான் இன்று எனக்காக வைத்துவிட்டார்.

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன். இவர் வாசலில் வெறுந்தோளோடு உட்கார்ந்திருந்தார்.

வைகாசி 6, செவ்வாய்

மதியம் மழை. நல்ல மழை. கண்மாயில் கிடங்கும் வெளியும் ஒன்றாகிவிட்டதாம்.

வைகாசி 9, வெள்ளி

அண்டாவை நானும் இவரும் ஆளுக்கொரு காதாகப் பிடித்துக் கரைக்குத் தூக்கிப் போனோம். பர்வீன் முன்னால் போனாள். அவள் திங்கட்கிழமை ஊருக்குப் போகிறாள். ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி வந்து எண்ணிப் பார்ப்பாளாம். அண்டாவைத் தண்ணீரில் சாய்த்ததும் மூக்குத்திகள் ஒவ்வொன்றாக நழுவிப் போயின. கடைசி ஒன்று மட்டும் வெளியேறாமல் அண்டாவுக்குள்ளேயே சுற்றியது. கையால் தள்ளிவிட்டேன்.

பர்வீன் கிடங்கோரப் பாசியை விலக்கிக் காட்டினாள். நூல் நூலாகக் குஞ்சு, கண் மட்டும் கறுப்பு. "மழைக்கு முன்னாடியே பொரிச்சிருக்கும்மா" என்றாள். திருவிழா அன்று இவர் கையை விரித்து நின்ற அதே இடம். இவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

காலி அண்டாவோடு திரும்பும்போது அந்த மேட்டைத் தாண்டினோம். இவர் நின்றார்.

"இந்தா, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"வெள்ள மூணு தரம் விழணும். ஒரு தரம் வேட்டிய ஒதறியிருந்தா ஒரு பய எறங்கியிருக்க மாட்டான். மூணு தரம், அதுவும் எங்கய்யா வீசுற மாதிரி எடமிருந்து வலமா."

அண்டாவை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

"எட்டு முழ வேட்டி" என்றேன். "ஒரு ஒதறலுக்கு ஈரம் போகுமா?"

இவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின், கட்டியிருந்த வேட்டியைத் தொட்டுக் காட்டி, நீலம் சரியாக விழுந்திருக்கிறது என்றார்.